ஐப்பசி மழையில் அம்பாசிடர்

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் பலர் புரட்டாசி முடியும்போதே வண்டியை ஷெட்டுக்குள் தள்ளி, பேட்டரி ஒயரைக் கழற்றி, மேலே உறையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். மறுபடி எடுப்பது பொங்கலுக்குத்தான். 'மழைல நனைஞ்சா துரு ஏறிடும்' என்பது அவர்கள் சொல்லும் காரணம். வண்டிமேல் உள்ள பிரியத்தில்தான் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் காவிரி டெல்டாவில் இது வண்டிக்கு நல்லதில்லை என்பது என் உறுதியான எண்ணம். போன ஐப்பசியில் எங்கள் குழு கொட்டும் மழையில் தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடி வரை பழைய வண்டிகளை ஓட்டிப் போய் வந்தது. அதற்குப் பிறகு அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பக்கத்து மழைக்காலம் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். அக்டோபர் நடுவில் ஆரம்பித்து டிசம்பர் முடியும்வரை மழை, தூறல், மூட்டம் என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், கிணற்றில் எட்டித் தொடும் உயரத்தில் தண்ணீர். வீட்டுத் தரையே ஓதம் காக்கும் காலம் இது. அப்படி ஓதம் ஏறிய தரையில் ஒரு காரை நிறுத்தி, காற்றுப் போகாத உறையால் மூடினால், தரையிலிருந்து எழும் ஈரம் முழுக்க உறைக்குள்ளேயே சுற்றும். இரவில் இரும்பு குளிர்ந்ததும் அந்த ஈரம் தகட்டின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகப் படியும். மழையில் நனைந்த கார் காற்றுப் பட்டால் காய்ந்துவிடும். உறைக்குள் நனைந்த கார் தை மாதம் வரை காயாது.

துரு மட்டும் இல்லை. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஓடாத வண்டியில், சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் அந்த ஈரத்தில் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் குழுவில் ஒருவருடைய பியட்டைத் தை மாதம் உறை நீக்கித் தள்ளியபோது பின்சக்கரங்கள் இரண்டும் சுற்றவே இல்லை. பெட்ரோலிலும் இதே கதைதான். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். பாதி டேங்க்கோடு மூன்று மாதம் நிறுத்தினால், மேலே காலியான பாதியில் படியும் ஈரம் பெட்ரோலில் இறங்குகிறது. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்குகின்றன. வண்டியை எடுக்கும் நாளில் கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான். அப்புறம் எலி. வயலில் தண்ணீர் ஏறியதும் எலிகள் மேடான, காய்ந்த இடம் தேடி வீட்டுப் பக்கம் வரும். யாரும் திறக்காத பானெட்டுக்குள் கூடு கட்டும். துணி சுற்றிய பழைய ஒயரை ஒன்றுகூட விட்டுவைக்காது.

இந்த வண்டிகள் உழைப்பதற்காகச் செய்யப்பட்டவை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். என்னிடம் இருப்பது 1968ஆம் வருஷத்து அம்பாசிடர் மார்க் 2. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. 1489 சிசி இன்ஜின், ஸ்டியரிங்கிலேயே கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெரியப்பா நீடாமங்கலத்தில் ரைஸ் மில் நடத்தியபோது வாங்கியது. ஐப்பசி, கார்த்திகை என்று அவர் பார்த்ததில்லை. மன்னார்குடி, வலங்கைமான், திருவாரூர் என்று நெல் பார்க்கவும் பணம் வாங்கவும் தினமும் அதில்தான் போவார். பின்சீட்டில் சாக்குமூட்டை, சில நாள் பிரசவத்துக்குப் போகும் பெண். அக்கம்பக்கத்தில் யாருக்கு அவசரம் என்றாலும் 'மில்காரர் பிளஷர்' வாசலில் போய் நிற்கும், மழையோ இருட்டோ. அந்த வண்டியை வெயில் நாளில் மட்டும் வெளியே எடுக்கும் பொருளாக மாற்ற எனக்கு மனம் வருவதில்லை. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு விண்டேஜ் பதிவு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தப் பதிவை எடுத்தால் அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. அந்தக் காரணத்துக்காகவே நான் பழைய பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.

சரி, அந்தத் தரங்கம்பாடி ரன்னுக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை கிளம்பித் தரங்கம்பாடியில் இரவு தங்கி, ஞாயிறு திரும்புவது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். பத்துப் பன்னிரண்டு வண்டிகள் பேர் கொடுத்திருந்தன. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு மோரிஸ் மைனர், ஒரு வில்லிஸ் ஜீப். வியாழக்கிழமை வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, டெல்டா மாவட்டங்களுக்கு மஞ்சள் எச்சரிக்கை என்று செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் உடனே வாக்குவாதம். தள்ளிப் போடலாம் என்று ஒரு பாதி, போகலாம் என்று ஒரு பாதி.

போகலாம் என்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. வானிலை மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் ஓர் இரு இடங்களில் முதல் வகை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். தார்ச்சாலையில் நிதானமாகப் போகிற வண்டிக்கு அது பெரிய சங்கடம் இல்லை. ஆரஞ்சு வந்தால் கிளம்பக் கூடாது என்பதிலும் நான் அதே அளவு பிடிவாதம். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது சாய்ந்த தென்னைகளையும் மின்கம்பங்களையும் அகற்றவே எத்தனை நாள் ஆயிற்று! அந்த மாதிரி நேரத்தில் சாலை ஆம்புலன்சுக்கும் மின்வாரியத்து வண்டிக்கும் உரியது. அங்கே போய் நாம் பழைய கார் ஓட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்தோம். மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்தால் முக்கொம்பில் கொள்ளிடத்தில் திறந்துவிடுவார்கள். அப்போது கொள்ளிடக் கரைச் சாலை நம்பத் தக்கதில்லை. காவிரியில் பாசன அளவுக்குத்தான் தண்ணீர் விடுவார்கள் என்பதால் திருவையாறு, கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம், அங்கிருந்து ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, ஆக்கூர், திருக்கடையூர் என்று பாதையை வைத்துக்கொண்டோம். எங்கே நின்றாலும் ஒதுங்க ஒரு ஊர், ஒரு டீக்கடை இருக்கும் பாதை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் பாய் வீட்டுக்கு வந்தார். நாற்பது வருஷமாக இந்த வண்டிகளிலேயே கை வைத்திருப்பவர். நான் மழையைப் பற்றி ஆரம்பித்ததுமே, "தம்பி, வண்டி நனையட்டும், ஒண்ணும் ஆகாது. நனைஞ்ச வண்டிய அப்படியே கொண்டாந்து நிறுத்திட்டு, கதவச் சாத்திட்டுப் போய்ப் படுத்துக்கிறீங்க பாருங்க, அதுதான் ஆகாது" என்றார்.

அவர் முதலில் பார்த்தது கதவுகளின் அடி விளிம்பு. பழைய கார்களில் கண்ணாடி ஓரத்து ரப்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது தெரிந்துதான் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். தூசியும் சருகும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். கதவின் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் கொப்பளித்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். டிங்கரிங் செய்து பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தாலும் மறு வருஷம் அதே இடத்தில் வரும். துரு உள்ளேயிருந்து வருவதுதான் காரணம். ஒரு சைக்கிள் கம்பியை வைத்து நாலு கதவின் ஓட்டைகளையும் பாய் குத்திவிட்டார். ஒரு மக் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றி, அது கீழே சொட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார்.

அடுத்தது மின்சாரக் கணக்கு. என் வண்டியில் மின்சாரம் தருவது இன்னும் டைனமோதான். நல்ல ஓட்டத்தில் 20 ஆம்பியரைச் சுற்றித் தரும், வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலில் அனேகமாக ஒன்றும் தராது. மழையில் ஹெட்லைட் இரண்டும் 7, 8 ஆம்பியர் இழுக்கும். வைப்பர் 2, 3. பிளக்குகளில் பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயில் 3, 4. பின் விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்த்தால் 15ஐத் தொடும். சாலையில் ஓடும்போது சமாளிக்கும். கும்பகோணம் கடைத்தெருவில் ஊர்ந்து போகும்போது முழுச் சுமையும் பேட்டரி தலையில் விழும். அதனால் நெரிசலில் ஹெட்லைட்டை அணைத்துச் சின்ன விளக்கை மட்டும் வைப்பது, நிற்கும் இடத்தில் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து வைப்பது என்று ஓட்டுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் டைனமோவை எடுத்துவிட்டு, ஐடிலிலும் கரண்ட் தரும் மாருதி ஆல்ட்டர்னேட்டரை மாட்டிவிடுகிறார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் அதிகம் ஓட்டுகிறவர்களுக்கு அது நல்ல யோசனைதான். எனக்கு டைனமோ சார்ஜ் தராதபோது எரியும் அந்தச் சிவப்பு விளக்கோடு பேசிப் பழகிவிட்டது.

பிளக் ஒயர்களைத் துடைத்து, நுனிகளில் சைக்கிள் டியூப் துண்டுகளைச் செருகினோம். புது வைப்பர் ரப்பர். ரேடியேட்டர் மூடி, ஃபேன் பெல்ட், டயர் காற்று. டிக்கியில் தார்ப்பாய், கயிறு, காய்ந்த துணி ஒரு கட்டு. பருத்தித் துணிதான் வேண்டும், நைலான் தண்ணீரை எடுக்காது.

காலையில் தஞ்சாவூரை விடும்போது தூறல்தான். திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். ஐந்திலும் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காவிரிப் பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. நடுவில் கொஞ்சம் ஓய்ந்ததைத் தவிர, கடைசிவரை விடவில்லை.

ஆற்றங்கரைச் சாலையில் மழை நாளில் வண்டி ஓட்டுவது தனி வித்தை. சாலை ஆறு போகிற போக்கில் வளைந்து வளைந்து போகும். தார் முடிகிற இடத்தில் உடனே கரைச்சரிவு. ஓரத்து மண் களிமண், ஊறினால் வெண்ணெய் மாதிரி. எதிரே டவுன் பஸ் வந்தால் பதறி இடது சக்கரத்தைத் தாரைவிட்டு இறக்கக் கூடாது. இறக்கினால் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அம்பாசிடர் அப்படியே உட்கார்ந்துவிடும், டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். முன்னாலேயே அகலமான இடம் பார்த்து நின்று, விளக்கைச் சிமிட்டி, பஸ்ஸைப் போகவிட வேண்டும். நம் பக்கத்து பஸ் டிரைவர்கள் அம்பாசிடரைப் பார்த்தால் கையைத் தூக்கிவிட்டுப் போவார்கள், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

வேகம் நாற்பதுக்கு மேல் போகவில்லை. டிரம் பிரேக், மெல்லிய டயர், ஊறிய சாலை. இந்த மூன்றுக்கும் ஏற்ற வேகம் அதுதான். மெல்லிய டயருக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அகல டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கப் பார்க்கும் இடத்தில் 5.90 அங்குல டயர் தண்ணீரை அறுத்துக்கொண்டு தாரைத் தொடும். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலைச் சீராக வைத்துக்கொண்டால் வண்டி சொன்ன பேச்சுக் கேட்கும். ஹெரால்டுக்கு இந்த விதி இன்னும் முக்கியம். அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் வகை. வளைவின் நடுவில் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் உள்ளே மடங்கப் பார்க்கும். அதை ஓட்டி வந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது அத்துப்படி. எல்லோருக்கும் பின்னால் இடைவெளி விட்டுத்தான் வந்தார்.

உள்ளே கண்ணாடி மூட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. இந்த வண்டியில் காற்றை ஊதும் புளோயர் எல்லாம் இல்லை. முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் காற்று கண்ணாடிப் பக்கம் போகும், தோளில் சாரலும் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அப்பா, அந்தக் காலத்துல வைப்பர் நின்னுட்டா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். பீடித் தூளைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் தேய்ப்பார்கள், தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்காமல் பரவி வழியும் என்றேன். பெரியப்பாவின் டிரைவர் அதற்கென்றே ஒரு பீடிக்கட்டை டேஷ்போர்டில் வைத்திருப்பார், அவர் பீடி குடித்து நான் பார்த்ததில்லை.

ஆடுதுறைக்கு முன்னால் ஹெரால்டு நின்றது.

அது நின்ற விதத்திலேயே பாய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது. பெட்ரோல் இல்லாமல் நிற்கிற வண்டி இழுத்து இழுத்து நிற்கும். ஈரத்தில் கரண்ட் கசிந்தால் படபடவென்று இருமிவிட்டு அடங்கும். ஒரு லாரி முந்திப் போகும்போது முகத்தில் அறைந்த தண்ணீர் முன்கிரில் வழியாக உள்ளே போய், ஃபேன் அதை இன்ஜின் முழுக்கத் தெளித்திருக்கிறது. வண்டியைத் தள்ளி ஒரு டீக்கடை முன் நிறுத்தினோம்.

ஹெரால்டு நம் மெட்ராஸ் வண்டி. 1961இலிருந்து சென்னைக்கு வெளியே பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு, உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோத்தி. அதன் அழகே பானெட்தான். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். வெயிலில் வேலை செய்ய இதைவிட வசதியான வண்டி கிடையாது, டயர்மேல் உட்கார்ந்துகொண்டே டியூனிங் பார்க்கலாம். மழையில் அதே வசதி எதிரியாகிவிடும். அம்பாசிடர் பானெட் திறந்தால் கூரை மாதிரி நிற்கும். ஹெரால்டைத் திறந்தால் இன்ஜின் வெட்டவெளியில். நாலு பேர் நாலு மூலையில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நடுவில் தேங்கிய தண்ணீரை ஒரு பையன் குச்சியால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான்.

பாய் காயிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கி, இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, செல்ஃப் போடச் சொன்னார். பொறி நீலமாக, சத்தத்தோடு குதித்தது. காயில் நன்றாக இருக்கிறது. அப்படியானால் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் பனி படிந்தது போல ஈரம். காயில் அனுப்புவது பல ஆயிரம் வோல்ட். அதற்கு அந்த மெல்லிய ஈரமே ஒரு பாதை. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் மூடியின் சுவரிலேயே ஓடி மடிந்துவிடும். பாய் மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயிரிழை போலக் கரிக்கோடு விழுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கோடு இல்லை. துணியால் துடைத்தார். ஆனால் காற்றே ஈரமாக இருக்கிற நாளில் துணி துடைத்து எவ்வளவு காயும்?

டீக்கடை அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "அத இங்க குடுங்கண்ணே, பாய்லர் மூடி மேல வெக்கிறேன். சுத்தமாக் காஞ்சிரும்" என்றார். பாய் யோசிக்கவே இல்லை, கொடுத்துவிட்டார். தீ படக் கூடாது, சூடு மட்டும் பட வேண்டும். அதற்குப் பாய்லர் மூடி சரியான இடம். இரண்டு டீ ஆற்றுகிற நேரத்தில் மூடி கைபொறுக்கும் சூட்டில் திரும்பி வந்தது, உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை.

மறுபடி தண்ணீர் போகாமல் இருக்க வேண்டுமே. பத்மினியில் வந்த டாக்டரம்மா பல் மருத்துவர். வண்டியில் கையுறைப் பெட்டி வைத்திருந்தார். கையுறையில் ஐந்து விரல். நாலு சிலிண்டர் இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டரில் நாலு பிளக் ஒயர், நடுவில் காயில் ஒயர் ஒன்று, ஆக ஐந்து. விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாக ஒவ்வொரு ஒயரை நுழைத்து, உள்ளங்கைப் பகுதியை மூடிமேல் இழுத்துக் கீழே நூலால் கட்டினார் பாய். மெல்லிய ரப்பர், இன்ஜின் சூட்டில் நெடுநாள் தாங்காது. தரங்கம்பாடி வரை தாங்கும் என்றார். தாங்கியது. ஆசிரியர் செல்ஃப் போட்டதும் முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அக்கா மூடியைச் சூடு பண்ணியதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எல்லோரும் இன்னொரு டீ குடித்தோம்.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டியபோது மகளுக்குக் காட்டினேன். 1922இல் தொடங்கியது. ஏடிடி என்று ஆரம்பிக்கும் நெல் ரகங்கள் எல்லாம் அந்த வாசலிலிருந்து வந்தவைதான். அதற்கப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் நெல்லின் கஷ்டம். குறுவை அறுத்த நெல், கொள்முதல் நிலையத்தின் வெளியே குவியல் குவியலாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள் என்பது விதி. இந்த மழையில் எந்த நெல் 17க்கு வரும்? மழை விட்ட அரை மணி நேரத்தில் சாலையில் விரித்துக் கிளறுவார்கள், மறுபடி தூறினால் ஓடிவந்து மூடுவார்கள். ஓர் இடத்தில் பாதிச் சாலை முழுக்க நெல். எங்கள் வண்டிகள் வரிசையாக நின்று, எதிர் வண்டி போன பிறகு மறுபாதியில் ஒவ்வொன்றாகப் போயின. நெல்மேல் சக்கரம் ஏற்றுவதில்லை என்பது எங்கள் குழுவில் ஆரம்பத்திலிருந்தே உள்ள கட்டுப்பாடு. நடந்து போகிறவர்கள்மேல் தண்ணீர் தெறிக்கக் கூடாது என்பதும் அப்படித்தான். இந்த இரண்டையும் காக்க முடியாதவர் மழையில் வண்டி எடுக்க வேண்டாம்.

குத்தாலம் தாண்டி ஒரு தாழ்வான இடத்தில் வாய்க்கால் நிரம்பிச் சாலையில் ஓடியது. ஆகாயத்தாமரை மண்டி மதகு அடைத்திருக்க வேண்டும். வில்லிஸ்காரர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். ஆழம் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் அளவுகோல் சக்கரத்தின் நடுமூடி. அதைத் தொடும் ஆழம் என்றால் திரும்பிவிட வேண்டும். பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல், ஓட்டத்தில் சூடாகிக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஆயில் பால் கலந்த நிறத்தில் வரும். முதல் கியரில், நிற்காமல், அலை எழுப்பாமல் ஒவ்வொருவராகக் கடந்தோம்.

கடந்த பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியம். டிரம்முக்குள் போன தண்ணீர் தானாக வெளியே வராது. பிரேக் பெடலை அழுத்தினால் வண்டி நிற்பேனா என்று கேட்கும். இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, வலது காலால் ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஒரு இருநூறு மீட்டர் ஊர்ந்தால், உரசும் சூட்டில் ஷூ காய்ந்துவிடும். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் காயாமல் இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நேராக நிற்கும்வரை விடக் கூடாது. மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபடியே மயிலாடுதுறை வந்துவிட்டோம்.

அங்கிருந்து அவள் ஓட்டினாள். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஆனால் இந்த வண்டியை மழையில் ஓட்டியதில்லை. ஓடும்போதே கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது, வண்டி முழுதாக நின்ற பிறகுதான் விழும். அதை அவசரப்படுத்தாமல் செய்தாள். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர். சாலை நேராகி, மரங்கள் குறைந்து, காற்று பக்கவாட்டில் அறைய ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதே, வண்டி கொஞ்சம் ஆடட்டும் என்று மட்டும் சொன்னேன். வெயில் நாளில் ஆறு மாதம் ஓட்டியிருந்தாலும் அன்று ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டதைக் கற்றிருக்க மாட்டாள். தண்ணீரில் டயர் எங்கே பிடிக்கிறது, பிரேக் எப்போது ஏமாற்றும், இன்ஜின் சத்தம் மாறினால் என்ன அர்த்தம். இதையெல்லாம் மழைதான் கற்றுக்கொடுக்கும்.

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குப் பக்கத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. பாய் ஒரேயடியாக மறுத்துவிட்டார். மழைத்தண்ணீர் அனேகமாகச் சுத்தமான தண்ணீர், அதில் உப்பு இல்லை. இரும்பை அரிப்பது கடல்காற்றின் உப்பு. ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் துரு பல மடங்கு வேகமாக ஏறும். நனைந்த வண்டியை இரவு முழுக்கக் கடலைப் பார்த்து நிறுத்தினால் அன்று பட்ட பாடெல்லாம் வீண். ஐந்து நிமிஷம் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, பொறையார் பக்கம் உள்ளே தள்ளி ஒரு கல்யாண மண்டபத்துக் கொட்டகையில் நிறுத்தினோம். கதவுகளை எல்லாம் திறந்துவைத்து, மிதியடிகளைக் கொடியில் போட்டோம்.

திரும்பும் வழி காரைக்கால், திருவாரூர், நீடாமங்கலம். மழை விட்டிருந்தது. சொல்ல ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை பாய் பையன்கள் இருவரோடு வந்தார். நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மட்கார்டுகளின் உள்விளிம்பில் அப்பியிருந்த களியை எடுத்தோம். அந்தக் களி வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மட்கார்டு ஓட்டை விழுவது அங்கேதான். சீட்டுகளைத் தூக்கி, தரை விரிப்பை எடுத்து, அடியில் இருந்த சணல் மெத்தையை மூன்று நாள் வெயில் பார்த்துப் பார்த்துக் காயவைத்தேன். நாலு டிரம்மையும் கழற்றித் துடைத்தோம். முன்சக்கரங்கள் திரும்பும் கிங் பின்னுக்கும் மற்ற கிரீஸ் நிப்பிள்களுக்கும் புது கிரீஸ் அடித்து, பழைய கிரீஸோடு தண்ணீர் வெளியே வரும்வரை விடவில்லை. டிஃபரன்ஷியல் ஆயில் தெளிவாகவே இருந்தது. கதவு ஓட்டைகளை மறுபடி குத்திப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை வண்டியை மறுபடி எடுத்து வல்லம் வரை ஓட்டினேன். வாரத்துக்கு ஒரு தடவை இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட வேண்டும். ஷெட்டில் ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டு அணைப்பது சைலன்சருக்குள் தண்ணீரை உண்டாக்கி நிறுத்துவதுதான், வேறு பலன் இல்லை.

வரும் கார்த்திகையில் திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்குப் போவதாக இருக்கிறோம். ஹெரால்டு ஆசிரியர் சமையலறையில் பாத்திரம் தேய்க்கப் போடும் கெட்டி ரப்பர் கையுறை ஒன்றை வாங்கி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு அளவு பார்த்து வெட்டி வைத்துவிட்டார். பின்சக்கரம் சுற்றாமல் நின்ற பியட்டுக்குப் புது வீல் சிலிண்டர்கள் போட்டாயிற்று, அதுவும் வருகிறது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கிளம்புவோம். ஆரஞ்சு என்றால் அடுத்த வாரம்.